ஆவாரந்தோலும் என் இடது காலும்

புதுக் காலிப்பர் வந்துவிட்டது. முழுக்க பிளாஸ்டிக். வெள்ளை வெளேரென்று இருக்கிறது, தூக்கினால் கனமே தெரியவில்லை. கொண்டுவந்து காலில் மாட்டி அளவு பார்த்துவிட்டுப் போனவர், "தண்ணியிலயே கழுவிக்கிடலாம் டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் அதைக் கழற்றி, தொடையில் கட்டும் பட்டையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து காலிப்பரை மோந்துகொண்டிருப்பதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

அந்தப் பழக்கம் உன்னால் வந்தது. செருப்போ பையோ பெல்ட்டோ, தோல் என்று எது கையில் கிடைத்தாலும் எனக்கு முதலில் மூக்குக்குத்தான் போகும், பிறகுதான் கண்ணுக்கு. நனைந்த மரப்பட்டை வாசம் வந்தால் ஆவாரம்பட்டையில் ஊறியது. மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை வந்தால் குரோம் உப்பில் பதப்படுத்தியது. "மூக்க நம்புட்டி. கண்ணு ஏமாத்தும். சாயத்தப் பூசி எத வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் காட்டிரலாம்" என்பாய். கடைகளில் நான் இப்படிச் செய்யும்போது என் அண்ணன் மருமகள் நாலடி தள்ளி நின்றுகொள்வாள்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்கு நான் இதுவரை ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. சங்கரன்கோவிலில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடையநல்லூரில் உன் வீட்டு வாசல். அதற்குள் என்னத்துக்குக் கடிதம்? ஆனால் நேரில் சொல்ல நாற்பது வருஷத்துக்கு மேல் நேரம் இருந்தும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து வர வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஆறாம் வகுப்பில் நம் இருவரையும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த காலிப்பரை நீட்டி உட்கார இடம் வேண்டும், அதனால் கதவோரப் பெஞ்சு. உனக்குக் காரணம் வேறு. உன் வாப்பா ஊருக்கு வெளியே தோல் ஷெட் வைத்திருந்தார். கறிக்கடை ஆட்டுத்தோலும் சுற்றுப்பட்டு ஊர்களின் மாட்டுத்தோலும் அங்கே வந்து சுண்ணாம்பிலும் பட்டைத் தண்ணீரிலும் ஊறும். உன் பாவாடையில், பையில், பின்னலில் அந்த வாடை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோனார்கள். நான் போகவில்லை. பெரிய மனசெல்லாம் ஒன்றும் இல்லை, எழுந்துபோவது எனக்குச் சிரமம். அதை உன்னிடமே சொன்னேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பம் நாளைக்கும் இங்கனதான இருப்ப?" என்று மட்டும் கேட்டாய்.

வாடையைப் பற்றி நீ வாய்விட்டு எதுவும் பேசியதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் குழாயடியில் கையைக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவுவாய். நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் உனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிடாத ஒரே ஆள் நான்தான்.

எட்டாம் வகுப்போடு உன்னை நிறுத்திவிட்டார்கள். நான் சனிக்கிழமைகளில் ஷெட்டுக்கு வருவேன். நீ தட்டி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காய்ந்த தோலைத் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பாய். யாராவது ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து தருவார்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "துவர்ப்பு ஏறலை, இன்னும் நாலு நாளாகும்" என்பாய். உன் வாப்பா வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார், உன் நாக்கைத்தான் நம்புவார். ஷெட்டில் நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தொட்டிகள் இருந்த பக்கம் மட்டும் போகக்கூடாது. ஒருநாள் நான் தொட்டி விளிம்பில் காலை நீட்டி உட்காரப்போக, வாப்பா தூரத்திலிருந்தே, "அந்தப் பிள்ளைய அங்கன விடாத" என்று உன்னிடம் சத்தம் போட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் நொண்டி குறுக்கே வரக்கூடாது என்று சொந்தக்காரர்களே சொல்லிக் கேட்டவள் நான். இவரும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ எதையாவது சொல்லி மழுப்புவாய், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்குமே என்ற பயம்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சின்ன வயதுக் காலிப்பரில் இருந்தது கித்தான் துணிப் பட்டை. ஆள் வளர்ந்த பிறகு அது என் கனத்தைத் தாங்காமல் நெகிழ்ந்துவிட்டது. அப்பா என்னை வெளியூர் கூட்டிப்போய்ப் புதுசு செய்து வாங்கினார். தொடையிலும் முழங்காலிலும் மெத்தென்ற தோல் பட்டை, பார்க்கவே ஆசையாக இருந்தது. பத்தே நாளில் அந்தப் பட்டை பட்ட இடமெல்லாம் சிவந்து, அரித்து, கொப்புளம் கிளம்பி நீர் வடிந்தது. டாக்டர் அலர்ஜி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். கழற்றி வைத்தால் ஆறும், மாட்டினால் மறுபடி வரும். உள்ளே துணி சுற்றிப் பார்த்தேன். துணி சுருண்டு அதுவே புண்ணாக்கியது.

அந்த நேரம் பார்த்து வேலைக்கு ஆர்டர் வந்தது. மேலநீலிதநல்லூர் பக்கம், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு தொடக்கப் பள்ளி. பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும், அங்கிருந்து ஒரு மைல் நடை. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா ஆர்டரை இரண்டு தடவை படித்துவிட்டு அலமாரியில் வைத்தார். "ஒரு மைலும்மா. புண்ணோட எப்படி நடப்ப? வயல் இருக்கு, சோத்துக்கு என்ன குறை? வீட்டுலயே இரி" என்றார். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர், பாசத்தில்தான் சொன்னார். ஆனால் வீட்டிலேயே இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் பின்கட்டு அறைக்குப் போக வேண்டும், அங்கேயே கிழவியாக வேண்டும், யாராவது தட்டில் சோறு வைத்துவிட்டுப் போவார்கள். ஊரில் அப்படி இருந்த இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன்.

ரிக்‌ஷா பிடித்து ஷெட்டுக்கு வந்து உன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். நீ ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கால நீட்டு" என்றாய். காலிப்பரைக் கழற்றி, பட்டையை மோந்து பார்த்தாய். பிறகு கத்தியால் ஓரத்தில் ஒரு இழை சீவி, வெட்டுவாயைக் காட்டினாய். மேலே பழுப்புச் சாயம், உள்ளே வெளிறிய நீலம். "குரோமு" என்றாய். தோல் வெட்டுகிற மாடசாமியைக் கூப்பிட்டு அவர் கையைக் காட்டச் சொன்னாய். அவர் வடக்கே ஒரு தோல் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். இரண்டு மணிக்கட்டுவரைக்கும் பழைய புண்ணின் தழும்பு. "கூட நின்ன பத்துப் பேருக்கு ஒண்ணும் செய்யலம்மா. எனக்கு மட்டும் ஆகலை" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரோம் என்றால் விஷமா, விஷத்தையா என் காலில் கட்டினார்கள் என்று கத்தினேன். நீ என்னை உட்காரச் சொன்னாய்.

"அது மேல ஏன் பழி போடுத? வாப்பா நாப்பது நாள்ல செய்யுதத கம்பெனிக்காரன் ரெண்டு நாள்ல முடிக்கான். கொதிக்க தண்ணியில போட்டாலும் சுருங்காது, மழைக்கும் தாங்கும். ஊருக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் ஒடம்புக்கு ஆகலை, அவ்வளவுதான். ஆகுதது எதுன்னு பாத்துருவோம்."

இரண்டு விரல் அகலத்தில் மூன்று பட்டை வெட்டினாய். ஒன்று என் காலிப்பரில் இருந்த அதே குரோம் தோல். ஒன்று படிகாரம் போட்டுப் பதப்படுத்திய வெள்ளைத் தோல். மூன்றாவது ஆவாரம்பட்டையில் ஊறி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முங்கி எழுந்த உங்கள் ஷெட் தோல். மூன்றையும் உன் கையிலேயே கட்டிக்கொண்டு என்னை மறுநாள் வரச்சொன்னாய். மறுநாள் வந்தால், "ஒரு வித்தியாசமும் தெரியலைட்டி. மூணும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று கையை நீட்டுகிறாய். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பத்து வருஷமாகச் சுண்ணாம்பிலும் பட்டையிலும் கிடக்கிற கை அது. "உன் கையி என்னைக்கோ பதப்பட்டுப் போச்சு. அதுல எத வச்சாலும் தெரியாது. என் நல்ல கால்ல கட்டு" என்றேன்.

வலது காலில் முழங்காலுக்கு மேலே ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்றையும் கட்டினாய். மூன்று நாள் கழற்றக்கூடாது. குரோம் பட்டை இரண்டாம் நாள் சாயங்காலமே அரித்தது, சிவப்பாகக் கோடு விழுந்தது. படிகாரத் தோல் இருக்கிறதே, அதைப்போல மெதுவானதை நான் தொட்டதில்லை, வெண்ணெய்தான். இதையே போட்டுவிடு என்று உன்னிடம் ஒற்றைக் காலில் நின்றேன், எனக்கு அது சுலபம் என்று நீ கேலி செய்தாய். "பொறு. ஒரு தடவ வேர்வையில நனைஞ்சு காயட்டும்" என்றாய். நீ சொன்னபடியே மூன்றாம் நாள் அது அப்பளமாக விறைத்து ஓரம் கிழிக்க ஆரம்பித்தது. படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியே போய்விடும், தோலுக்குள் தங்காது என்றாய். ஆவாரந்தோல் முதல் நாள் முரண்டு பிடித்தது. நடக்கவிடாமல் இறுக்கியது. மூன்றாம் நாள் அவிழ்த்தபோது அது என் கால் வளைவை அப்படியே எடுத்துக்கொண்டு தனியாக நின்றது. அடியில் என் தோலில் ஒரு புள்ளி இல்லை.

"பட்டைத் துவர்ப்பு மெதுவாத்தான் உள்ள போகும். ஆட்டுத்தோலுக்கு இருவது நாளு, மாட்டுக்கு நாப்பது. போனா வெளிய வராது. வெறும் ஆவாரமுன்னா வெயில் பட்டுச் செவந்துரும், அதுக்குத்தான் கடுக்கா" என்றாய்.

"மாப்பிள்ள பாக்குத மாதிரில்லா பேசுத" என்றேன்.

"அங்க எங்க நான் பாக்க? காட்டுத ஆளுக்குத் தலையாட்டணும். இங்கனயாவது பாத்துக்கிடுதேன்."

நீயும் மாடசாமியும் சேர்ந்து என் காலிப்பரிலிருந்து குரோம் தோலை உரித்துவிட்டு, ஆவாரந்தோலை அதே கம்பியில், அதே ரிவிட்டும் பக்கிளும் வைத்துப் பொருத்தினீர்கள். பள்ளியில் சேர இன்னும் ஒரு வாரம் இருந்தது. வீட்டிலிருந்து குளத்துக்கரைவரை போய்த் திரும்பிப் பழகினேன். ஆனி வெயில், வேர்வை ஆறாக ஓடியது. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். அரிப்பு இல்லை. பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து மடிப்புக் கலையாமல் கட்டில்மேல் அடுக்கிவைத்தேன். அப்பாகூட அலமாரியிலிருந்து ஆர்டரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் காலிப்பரைக் கழற்றினால், கால் கறுத்திருந்தது. தொடையைச் சுற்றி வளையமாக, முழங்காலில் திட்டுத்திட்டாக, நீலம் பாய்ந்த கறுப்பு. சோப்புப் போட்டேன், போகவில்லை. கல்லால் தேய்த்தேன், தோல்தான் சிவந்தது. அந்த மாசம்தான் பக்கத்துத் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்குப் பாதம் கறுத்து, காலை எடுத்திருந்தார்கள். அப்பா தொட்டுப் பார்த்தார். "அழுகுதும்மா" என்றார். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாளை மறுநாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லிவிட்டு ஆர்டரை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

உனக்கு ஆள் அனுப்பினோம். வெள்ளைத் துப்பட்டியோடு மூச்சிரைக்க வந்து நின்றாய். இனிமேல் நான் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அப்பாவை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "உங்க ஷெட்டு நாத்தத்தக் கொண்டாந்து என் கால்ல கட்டிட்டியே. அழுகின தோல நோண்டுத வீட்டுல போயி கேட்டேன் பாரு, என்னயச் சொல்லணும். உங்க வாப்பா என்னயத் தொட்டிப் பக்கம் விடலைல்லா, நொண்டி வந்தா வெளங்காதுன்னு. இப்பம் வெளங்கிட்டா? உன் பக்கத்துல ஒருத்தியும் ஏன் உக்காரலைன்னு எனக்கு இப்பம்தான் தெரியுது."

குனிந்து என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு துப்பட்டி நுனியை முகத்தோடு சேர்த்துப் பிடித்தாய். அழுகிறாய் என்று நினைத்தேன். அழவில்லை. நீ உன் துப்பட்டியை மோந்து பார்த்தாய். பிறகு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் மத்தியானம் கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கால நீட்டு" என்றாய். நான் நீட்டவில்லை, நீயே இழுத்து வைத்துக்கொண்டாய். பழத்தை அறுத்து, தொடையில் அந்தக் கறுப்பு வளையத்தின்மேல் தேய்த்தாய். கறுப்பு கரைந்து வழிந்தது. அடியில் என் சொந்தத் தோல், கொஞ்சம்கூட ஊறு இல்லாமல் இருந்தது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அழுகலுமில்ல, ஒண்ணுமில்ல. இது மை" என்றாய்.

நேற்று வந்தபோதே நீ பார்த்திருக்கிறாய், ரிவிட்டும் பக்கிளும் இருந்த இடத்தில்தான் கறுப்பு அடர்த்தி. வீட்டுக்குப் போய் ஒரு சிரட்டையில் கடுக்காய்த் தண்ணீரை ஊற்றி ஒரு ஆணியைப் போட்டு வைத்திருக்கிறாய். காலையில் சிரட்டை நிறைய மை. பட்டைத் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும், அதில் ஒரு அதிசயமும் இல்லை என்றாய். அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆமா, எங்க தாத்தா கடுக்காயும் அன்னபேதியும் போட்டுல்லா எழுதுத மை காய்ச்சுவாரு" என்றார். அன்னபேதி என்றால் இரும்பு உப்பு என்று பயிற்சிப் பள்ளியில் படித்து, பரீட்சையில் எழுதியவள் நான்.

"இது தெரிஞ்சவதான் நான்" என்றாய், தேய்த்துக்கொண்டே. "தொட்டிப் பக்கம் ஒரு இரும்பு வாளி வந்தா வாப்பா குதிப்பாரு. அங்கன எல்லாம் மரமும் மண்ணும் பித்தளையும்தான். உன்னயவே அங்கன விட்டதில்லையே. கால்ல அம்புட்டு இரும்ப வச்சிக்கிட்டு, தவறி விழுந்தேன்னா தொட்டியில கெடக்க தோலு பூராவும் கறுத்துப் போயிரும்."

"அதுக்காகத்தானா?" என்றேன்.

"பின்ன எதுக்கு?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். இத்தனை வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும், நேற்று நான் பேசியது எங்கிருந்து வந்தது என்பதும் உனக்கு விளங்கிவிட்டது. இரண்டாவது பழத்தை எடுத்து அறுத்தாய்.

"காஞ்ச தோலுதானன்னு இருந்துட்டேன். உன் வேர்வைய நெனைக்கலை. தப்பு என் பேர்லதான், மன்னிச்சுக்கோட்டி" என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, விடு" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் உட்கார்ந்துகொண்டு மன்னித்தாள். அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாளே ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் சொல்லி, பழைய குதிரைப் பட்டையிலிருந்து பித்தளைப் பக்கிள்களை வாங்கிவந்தாய். ரிவிட்டும் பித்தளைக்கு மாறியது. கம்பிக்கும் தோலுக்கும் நடுவே மெழுகு தேய்த்த துணியை வைத்துத் தைத்தாய். நான் வேலையில் சேர வேண்டிய கடைசி நாள் காலையில், வாப்பாவிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினாயோ, என்னோடு பஸ் ஏறிவிட்டாய். மெயின் ரோட்டில் இறங்கினோம். இரண்டு பக்கமும் உழுது போட்ட காடு, ஒரு நிழல் இல்லை. நூறு அடிக்கு ஒரு தடவை "அரிக்கா?" என்று கேட்டாய். "இல்ல." "அழுத்துதா?" "இல்லட்டி, பேசாம வா." அந்த ஒரு மைலை நடக்க ஒரு மணி நேரம் ஆனது. பள்ளி வாசலில் நீ நின்றுவிட்டாய். நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் மணி அடித்து வெளியே வந்தால், எதிரே வேப்பமரத்தடியில் துப்பட்டியை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாய்.

வெகு நாள் கழித்து மாடசாமிதான் இன்னொன்றையும் சொன்னார். பதினைந்து நாள் கெடுவுக்குள் புதுத்தோல் ஊற நேரம் இல்லை என்று, மெட்ராஸுக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த கட்டைப் பிரித்து, அதில் முதல்தரமான ஒரு தோலின் நடுமுதுகில் கத்தி வைத்திருக்கிறாய். நடுவில் வெட்டினால் முழுத் தோலும் வீண். நாலு நாள் கழித்து அது தெரிந்ததும் வாப்பா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லையாம். நான் உன்னை நாற்றம் என்று சொன்னது அந்த இரண்டு நாளில் ஒன்று.

அதன்பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் பாடம் நடத்தினேன், நாலு ஊர் மாறினேன். பின்கட்டு அறையில் இன்று நெல் மூட்டை இருக்கிறது. நீ கடையநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டாய், உன் வீட்டுக்காரர் சவூதிக்குப் போனார், பிள்ளைகள் பிறந்தார்கள். பட்டை தேயும்போதெல்லாம் நான் பஸ் ஏறி வருவேன், நீ எங்கிருந்தாவது ஆவாரந்தோல் வாங்கி வைத்திருப்பாய். சாப்பிடுவோம், ஊர்க்கதை பேசுவோம், சண்டைகூடப் போடுவோம். அந்த நாளை மட்டும் இரண்டு பேரும் தொடமாட்டோம். உன் மகள் கல்யாணத்தின்போது ஒரு தடவை அடுப்படியில் உன்னைத் தனியாகப் பிடித்து, "அன்னைக்கு நான் ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தேன். "ஏட்டி, சோறு ஆறுது, போய் உக்காரு" என்றாய். எனக்கு அப்பாடா என்றிருந்தது. போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நீ போன செய்தி வந்ததும் முதல் பஸ்ஸில் வந்தேன். உன் தெருவில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஆட்டோ உள்ளே வராது என்றார் ஆட்டோக்காரர். மேட்டிலும் பள்ளத்திலும் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தேன். வந்து சேர்வதற்குள் உன்னைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். உன் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்சம் தேறியதும் கூடியிருந்த பெண்களிடம், "இவங்கதான் உம்மா சொல்லுத டீச்சர் சாச்சி" என்றாள். எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. என்னைப் பற்றி நீ சொன்ன கதை அந்தத் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

"கால் கறுத்ததும் வீடே அழுதுச்சாம். சாச்சி மட்டும் சிரிச்சாங்களாம். 'நீதானட்டி கட்டுன, நீயே கழுவிவிடு'ன்னு கால நீட்டுனாங்களாம். அவள மாதிரி ஒரு தைரியக்காரி கிடையாதுன்னு உம்மா எங்ககிட்ட சொல்லாத நாளே இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படித்தான சாச்சி?" என்று கேட்டாள்.

"ஆமா மக்கா, சிரிச்சேன்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? இல்லை என்றால், அன்றைக்கு உன்னை ஒரு பொய்க்காரி ஆக்கியிருப்பேன். நீ அந்த நாளைப் பேசாமல் மட்டும் இருக்கவில்லை, அதை முழுசாக வேறு மாதிரி செய்து உன் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறாய். அப்பா இல்லை, இப்போது நீயும் இல்லை. நடந்தது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். நீ குழாயடியில் கழுவிக் கழுவிப் பார்த்ததைத் தெரிந்தவளே அதைச் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்.

போன வாரம் உன் பேத்தி போன் பண்ணினாள். உம்மம்மா சொன்ன அந்தக் கதையை நானே ஒரு தடவை சொல்ல வேண்டுமாம். நீ சொன்னபடியேதான் சொன்னேன், ஒன்றையும் மாற்றவில்லை. நான் சிரித்த இடம் வந்ததும் என் குரல் உடைந்துவிட்டது. நான் சிரிக்கிறேன் என்று நினைத்து, அந்தப் பக்கம் அவளும் சேர்ந்து சிரித்தாள்.